இன்ஜின் உள்ளேயா... வெளியேயா?

பெரிய மோட்டார் யாட்டுக்கு எந்த இன்ஜின் பெஸ்ட்? பதில் திருவொற்றியூர் கரையில இருக்கு!

ஒரு குட்டி வைவா!

உங்களுக்கு லாட்டரியில பம்பர் பரிசு விழுந்திருச்சு. (தமிழ்நாட்டுல 2003-லேயே லாட்டரியைத் தடை பண்ணிட்டாங்களேனு குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது!) பரிசு என்ன தெரியுமா? 60 அடி நீளத்துல ஒரு மோட்டார் யாட். கேபின், கிச்சன், சோபா எல்லாம் ரெடி. இன்ஜின் மட்டும் இல்ல. 'நீங்களே செலக்ட் பண்ணிக்கோங்க'னு விட்டுட்டாங்க. படகுக்குப் பின்னால தொங்குற அவுட்போர்டா, உள்ளே உட்கார்ந்திருக்கிற இன்போர்டா... உங்க சாய்ஸ் எது?

'எதுல ஹெச்.பி. அதிகமோ அது'னு சொன்னா, ஸாரி... நீங்க அரியர்! கரெக்ட்டான பதில் தெரியணும்னா யாட் கேட்லாக்கை மூடி வெச்சிட்டு, மெட்ரோ ஏறி திருவொற்றியூர் தேரடியில இறங்குங்க. கிழக்கே நடந்தா கடல். அங்கே கரையில கிடக்கிற ஃபைபர் படகுகளையும், தெற்கே காசிமேட்டுல நிக்கிற விசைப்படகுகளையும் ஒரு ரவுண்டு பார்த்தா போதும். கோடி ரூபாய் யாட்டுக்கும் ஆயிரம் ரூபாய் மீனுக்கும் ஃபிசிக்ஸ் ஒண்ணுதான்!

முதல்ல ஃப்ளாஷ்பேக்

படகுல பெட்ரோல் இன்ஜின் வெச்சு ஓட்டுற ஐடியா, காரோட வயசுதான். 1886-ல ஜெர்மனியில டைம்லரும் மேபாக்கும் தங்களோட குட்டி இன்ஜினை ஒரு படகுக்குள்ள வெச்சு, நெக்கார் ஆத்துல ஓட்டிக் காட்டினாங்க. அதுதான் இன்போர்டு. இன்ஜின் படகோட வயித்துக்குள்ள. அங்கிருந்து ஒரு தண்டு படகோட அடியைத் துளைச்சிட்டு வெளியே போகும். அதோட முனையில புரொப்பெல்லர். திருப்புறதுக்குத் தனியா சுக்கான்.

அவுட்போர்டை ஊர் முழுக்கக் கொண்டு போனவர் அமெரிக்காவுல மில்வாக்கியைச் சேர்ந்த ஓலே எவின்ரூட். 1909-ல இவர் விக்க ஆரம்பிச்ச இன்ஜின் செம ஹிட். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு ஏரியில துடுப்பு போட்டு வந்தாராம், கரை சேர்றதுக்குள்ள உருகிருச்சாம், அந்தக் கடுப்புலதான் கண்டுபிடிச்சாராம்னு ஒரு கதை ரொம்ப காலமா சுத்துது. இன்ஜின், கியர், புரொப்பெல்லர் எல்லாம் ஒரே பீஸ். படகோட பின்பலகையில மாட்டி திருகை முறுக்கினா வேலை முடிஞ்சுது. திருப்பணும்னா இன்ஜினையே திருப்பலாம். தண்ணியை விட்டுத் தூக்கணும்னா அப்படியே சாய்ச்சுடலாம்.

அந்த 'சாய்ச்சுடலாம்'ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நம்ம கதையோட ஹீரோ அதுதான்!

அலை தாண்டினாதான் வாழ்க்கை

நம்ம கடற்கரை ஸ்விம்மிங் பூல் மாதிரி அமைதியா இருக்காது. கரைக்குப் பக்கத்துல அலை உடைஞ்சு விழும். போகும்போது அதைத் தாண்டணும். வரும்போது அதே அலையோட முதுகுல ஏறி மணல்ல வந்து விழணும். கட்டுமரம் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடிச்சதுக்கு இதுதான் காரணம். கவிழ்ந்தாலும் மிதக்கும், மணல்ல மோதினாலும் உடையாது.

2004 சுனாமிக்கு அப்புறம் சீன் மாறுச்சு. கட்டுமரங்களை இழந்தவங்களுக்கு நிவாரணமா வந்ததுல பெரும்பாலும் ஃபைபர் படகுகள், கூடவே இன்ஜின். தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஃபைபர் மயம்!

இப்போ யோசிங்க. இந்த ஃபைபர் படகுக்கு இன்போர்டு வெச்சா என்ன ஆகும்? புரொப்பெல்லரும் சுக்கானும் படகுக்கு அடியில நிரந்தரமா நீட்டிக்கிட்டு நிக்கும். மணல்ல ஏறும்போது முதல் அடி அதுக்குத்தான். தண்டு வளைஞ்சா இன்ஜின் அதிரும், தண்ணி உள்ளே வரும். அதனாலதான் கரையில ஏத்துற படகுகள்ல இன்ஜின் வெளியே இருக்கு. மணல் வரும்போது தூக்கிடலாம். வலை சிக்கினா சாய்ச்சு எடுத்துடலாம். ராத்திரி கழட்டி வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிடலாம். வெயிட் சேஃப்டி, திருட்டு சேஃப்டி ரெண்டும் ஒரே கல்லுல!

டீசல் புல்லட்டுக்குக் கடல்ல ஒரு சொந்தக்காரன்

இந்த 'வெளியே' இன்ஜின்லயும் ரெண்டு டீம் உண்டு. ஒண்ணு, நாம சினிமாவுல பார்க்கிற டைப் அவுட்போர்டு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. இன்னொண்ணு லாங் டெயில். ஒத்தை சிலிண்டர் டீசல் இன்ஜினைப் படகோட பின்பக்கம் ஸ்டாண்டு போட்டு உட்கார வெச்சு, நீளமான தண்டை அப்படியே கடலுக்குள்ள நீட்டிருப்பாங்க. அதோட நுனியில புரொப்பெல்லர். 'டக டக டக'னு அரை கிலோமீட்டர் தள்ளி வரும்போதே காது சொல்லிடும்.

இந்த லாங் டெயில்கள்ல ரொம்பப் பிரபலம், இத்தாலியோட லம்பார்டினி டிசைன்ல நம்ம நாட்டுல கிரீவ்ஸ் கம்பெனி தயாரிச்ச இன்ஜின்கள். இங்கேதான் ஒரு ட்விஸ்ட்! திருவொற்றியூர்னா பைக் பிரியர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1950-கள்ல இருந்து புல்லட் பிறந்த ஊர். அந்த கம்பெனி 1990-கள்ல 'டாரஸ்'னு ஒரு டீசல் புல்லட்டை விட்டுச்சே... 325 சி.சி., வெறும் 6.5 ஹெச்.பி. அதுக்குள்ள இருந்ததும் கிரீவ்ஸ் லம்பார்டினிதான்! ரோட்டுல அந்த வண்டி மெதுவா போகுதுனு கிண்டல் பண்ணினவங்க ஏராளம். ஆனா அதே குடும்பத்து இன்ஜின்கள் கடல்ல செம மரியாதையா வாழ்ந்துட்டிருக்கு. காரணம் ஸ்பீடு இல்ல... எரிபொருள்.

கணக்கு போடலாம் வாங்க

தோராயமா ஒரு கட்டைவிரல் கணக்கு வெச்சுக்கோங்க. டீசல் இன்ஜின் ஒரு ஹெச்.பி.க்கு ஒரு மணி நேரத்துக்குக் கால் லிட்டர் குடிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு அரை லிட்டர் வரைக்கும் குடிக்கும். டூ ஸ்ட்ரோக்ல புதுக் கலவை உள்ளே நுழையும்போதே ஒரு பங்கு எரியாம சைலன்சர் வழியா வெளியே ஓடிடும்னு தெர்மல் பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, அதுதான் மேட்டர். எரியாத அந்த எண்ணெய் எங்கே போகும்? நேரா கடலுக்குத்தான்! 2017-ல கப்பல் மோதல், 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட வந்த எண்ணெய்னு எண்ணூர்ப் பக்கம் ஏற்கெனவே நிறைய வாங்கிக் கட்டிக்கிட்ட தண்ணி அது.

இப்போ ரெண்டு பேர்கிட்டயும் 10 ஹெச்.பி. இன்ஜின் இருக்குனு வெச்சுக்கோங்க. ஃபுல் த்ராட்டில்ல மணிக்கு டீசல் 2.5 லிட்டர், டூ ஸ்ட்ரோக் 5 லிட்டர். தமிழ்நாடு அரசு 2023-ல உயர்த்தி அறிவிச்ச கணக்குப்படி, இயந்திரம் பொருத்தின நாட்டுப்படகுக்கு வருஷத்துக்கு விற்பனை வரி இல்லாத டீசல்னா 4,400 லிட்டர், மானிய விலை மண்ணெண்ணெய்னா 3,700 லிட்டர். வகுத்துப் பாருங்க. டீசல்காரருக்கு 1,760 மணி நேரம். மண்ணெண்ணெய்காரருக்கு 740 மணி நேரம். வருஷத்துல 250 நாள் கடலுக்குப் போனா, ஒருத்தருக்கு தினமும் 7 மணி நேரம், இன்னொருத்தருக்கு 3 மணி நேரம் சலுகை எண்ணெய்ல ஓட்டலாம். அதைத் தாண்டினா முழு விலை. பங்கு பிரிக்கிறதுக்கு முன்னால எண்ணெய்க் காசைத்தான் கழிப்பாங்க. ஆக, இன்ஜின் செலக்‌ஷன் தப்பானா அடி விழுறது ஓனருக்கு மட்டும் இல்ல, கூடப் போற அத்தனை பேருக்கும்!

அப்போ ஏன் எல்லாரும் டீசலுக்கு மாறல? அவுட்போர்டு வெயிட் கம்மி, வேகம் ஜாஸ்தி, அலையில சட்டுனு திரும்பும். லாங் டெயில் கனம், அதிர்வு, சத்தம். வருஷக்கணக்கா பக்கத்துல உட்கார்ந்தா காது, முதுகு ரெண்டும் கணக்கு கேட்கும். எதுவும் ஃப்ரீ இல்ல பாஸ்!

லாரி இன்ஜின் கடலுக்குப் போன கதை

சரி, காசிமேட்டுக்கு வாங்க. இங்கே நிக்கிறது 'லாஞ்ச்'னு சொல்ற விசைப்படகுகள். இவங்க மணல்ல ஏற வேண்டியதே இல்ல. துறைமுகத்துல ஆழமான தண்ணியில கயிறு கட்டி நிறுத்தலாம். அதனால புரொப்பெல்லரைத் தூக்கணும்ங்கிற கண்டிஷன் காலி. இன்ஜின் தாராளமா உள்ளே போயிடுச்சு.

உள்ளே எட்டிப் பார்த்தா பல படகுகள்ல நமக்குத் தெரிஞ்ச பெயர்: அசோக் லேலண்ட்! 1948-ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு, 1955-ல பெயர் மாறின நம்ம எண்ணூர் கம்பெனிதான். லாரி, பஸ்ஸுக்கு டிசைன் பண்ணின டீசல் இன்ஜினைக் கடலுக்கு ஏத்த மாதிரி மாத்தி விக்கிறாங்க. என்ன மாத்தணும்? லாரியில முன்னாடி ரேடியேட்டர் இருக்கும், காத்து அடிக்கும். படகோட அடிவயித்துல காத்து ஏது? அதனால ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்சு, சூட்டைக் கடல் தண்ணிக்குத் தள்ளணும். லாரி கியர்பாக்ஸுக்குப் பதிலா, முன்னே பின்னே போகவும் சுத்து வேகத்தைக் குறைக்கவும் மரைன் கியர்பாக்ஸ். இன்னொரு முக்கிய விஷயம், லாரி சிக்னல்ல நிக்கும், இறக்கத்துல ரெஸ்ட் எடுக்கும். இழுவலை இழுக்கிற படகுல இன்ஜினுக்கு மணிக்கணக்கா ஒரே லோடு, ரெஸ்ட்டே கிடையாது. அதனால ஒரே இன்ஜினுக்கு ரோட்டுல ஒரு ஹெச்.பி., கடல்ல அதைவிடக் கம்மியான ஹெச்.பி. போடுவாங்க. கேட்லாக்ல 'தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு'னு தேடிப் பார்க்கிறவன்தான் இன்ஜினீயர்!

இவ்வளவு சக்தியை அவுட்போர்டுல கொடுத்தா ஆகாதா? ஆகும். ஆனா வேஸ்ட்! இழுவலை இழுக்கிறப்போ படகு மூணு நாட் வேகத்துலதான் நகரும். தேவை வேகம் இல்ல, இழுவை. புரொப்பெல்லர் தண்ணியைப் பின்னால தள்ளித்தான் படகை முன்னால தள்ளுது. கொஞ்சம் தண்ணியை வேகமா தள்ளினாலும் ஒரே இழுவைதான், நிறைய தண்ணியை மெதுவா தள்ளினாலும் ஒரே இழுவைதான். ஆனா செலவு? நம்ம அரை எம்.வி.ஸ்கொயர் ஃபார்முலாவுல போட்டுப் பாருங்க. ரெண்டு மடங்கு தண்ணியைப் பாதி வேகத்துல தள்ளினா, தண்ணியோட வீணாப் போற சக்தி பாதியாக் குறைஞ்சுடும். அதாவது டேபிள் ஃபேனை அலற விடுறதைவிட சீலிங் ஃபேனை மெதுவா சுத்த விடுறது புத்திசாலித்தனம். விசைப்படகோட அடியில 'சீலிங் ஃபேன்' சைஸ் புரொப்பெல்லருக்கு இடம் இருக்கு. அவுட்போர்டோட காலுக்குக் கீழே அந்த இடம் கிடையாது.

கூடவே ரெண்டு போனஸ். கனமான இன்ஜின் படகோட அடியில, நடுவுக்குப் பக்கமா உட்கார்ந்தா ஆட்டம் குறையும். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலயே தீப்பிடிக்கத் தயார். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல சூடு வேணும். மூடின அறைக்குள்ள எது பாதுகாப்புனு சொல்லவே வேணாம்.

மைனஸும் இருக்கு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல லாஞ்ச்கள் கரையில நிக்கணும். அப்போதான் இன்ஜினை இறக்கி, பிரிச்சு மேயுறதே. ஃபைபர் படகுல இன்ஜின் மக்கர் பண்ணினா மெக்கானிக்கிட்ட தூக்கிட்டுப் போகலாம். லாஞ்ச்சுக்கு மெக்கானிக்தான் உள்ளே குனிஞ்சு போகணும். அப்புறம் ஹெச்.பி. ஆசைக்கும் எல்லை உண்டு. 2010-களோட கடைசியில, அதிவேக சீன இன்ஜின் வெச்ச படகுகளை எதிர்த்து காசிமேட்டு மீனவர்களே போராட்டத்துல இறங்கினாங்க. ஒருத்தர் பெரிய இன்ஜினோட கடலைத் துடைச்சுட்டு வந்தா, மத்தவங்க வலையில என்ன விழும்?

ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஜீனியஸ்

'டீசல் இன்போர்டோட சிக்கனமும் வேணும், அவுட்போர்டு மாதிரி தூக்கவும் முடியணும்'னு யாராச்சும் கேட்டா? கேட்டாங்க... நம்ம சென்னையிலேயே! ஐ.நா.வோட உணவு, வேளாண் அமைப்பு 1979-ல ஆரம்பிச்ச வங்காள விரிகுடா திட்டத்துக்குத் தலைமையகம் மெட்ராஸ்தான். அதுல வேலை செஞ்ச நார்வே நாட்டு படகு வடிவமைப்பாளர் ஆய்விண்ட் குல்பிரான்ட்சன் டீம், நம்ம அலைக்கரைக்குனே படகுகளை டிசைன் பண்ணுச்சு. அதுல ஒண்ணுதான் 'பாப் டிரைவ்'. சின்ன டீசல் இன்ஜின், தண்டு, புரொப்பெல்லர் மூணையும் ஒரே சட்டத்துல மாட்டி, சீ-சா மாதிரி சாய வெச்சுட்டாங்க. கடல்ல இறக்கி விடு, மணல் வந்தா தூக்கிடு. இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் தூக்குற மாதிரி. எவ்வளவு சிம்பிள்! ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுறவங்க இதைப் படிச்சுப் பாருங்க.

கரையே காணாமப் போனா?

இதுவரைக்கும் பார்த்ததை ஒரு லைன்ல சொன்னா, இன்ஜினைத் தேர்ந்தெடுக்கிறது படகு இல்ல, ராத்திரி அது தூங்குற இடம். மணல்ல தூங்குற படகுக்கு இன்ஜின் வெளியே. துறைமுகத்துல தூங்குற படகுக்கு இன்ஜின் உள்ளே.

இதுல வடசென்னைக்கு ஒரு சிக்கல் இருக்கு. நம்ம கடற்கரையில மணல் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தா தெற்கே இருந்து வடக்கே நகருது. 1870-கள்ல துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள்ள சுவர் கட்ட ஆரம்பிச்சதும், வந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிடுச்சு. அதுதான் நாம சுண்டல் சாப்பிடுற அகலமான மெரினா! வடக்கே போக வேண்டிய மணல் போகல. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. இப்போ பல இடத்துல மணலுக்குப் பதிலா கருங்கல் தடுப்புதான்.

கல்லுல ஃபைபர் படகை ஏத்த முடியுமா? இன்ஜினை என்னதான் தூக்கினாலும் படகோட அடி கிழிஞ்சிடும். மிச்சம் இருக்கிற மணல் துண்டுகள்லதான் எல்லாரும் நெருக்கி நிறுத்தணும். இன்னொரு வழி துறைமுகம். திருவொற்றியூர் குப்பத்துல சூரை மீன்பிடித் துறைமுகம் 2025-ல திறந்தாங்க. சூரைனா டூனா. ஆழ்கடல் மீன். அதைத் துரத்திப் போறதுக்கு நாள்கணக்கா ஓடுற இன்போர்டு டீசல் படகுதான் சரி. நல்ல விஷயம்தான். ஆனா காலையில போய் மதியம் திரும்புற சின்ன ஃபைபர் படகுக்காரர் இன்போர்டுக்கு மாறணும்னா, இன்ஜினை மட்டும் மாத்தினா போதாது. படகு, முதலீடு, கடன், தொழில் எல்லாமே மாறணும். அவருக்கு வேணும்கிறது இன்னொரு பத்து ஹெச்.பி. இல்ல. இருபது மீட்டர் மணல்!

ஓகே, உங்க யாட்டுக்கு வருவோம்

60 அடி யாட்டை மணல்ல ஏத்தப் போறதில்ல. மரீனாவுல, ஆழமான தண்ணியில நிறுத்துவீங்க. அப்போ 'தூக்கணும்'ங்கிற காரணம் காலி. அடுத்த கேள்வி, எவ்வளவு வேகமா போகணும்? தண்ணியைத் தொடுற நீளத்தை அடியில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல பெருக்கினா, தண்ணியைக் கிழிச்சுட்டு நிம்மதியா போற உச்ச வேகம் நாட் கணக்குல வரும். 49 அடினா, ஏழு பெருக்கல் 1.34... சுமார் 9.4 நாட். இந்த வேகத்துல ஊர் ஊரா சுத்துறவங்களுக்கு டீசல் இன்போர்டு, பெரிய புரொப்பெல்லர். நோ டவுட்!

இதுக்கு மேல பறக்கணும்னா படகு தன்னோட அலை மேலேயே ஏறி சறுக்கணும். அதுக்கு வெயிட் குறைவா, சக்தி ஏராளமா வேணும். இங்கேதான் புது அவுட்போர்டுகள் கெத்து காட்டுது. 2021-ல மெர்க்குரி கம்பெனி 7.6 லிட்டர், வி-12, 600 ஹெச்.பி. அவுட்போர்டை இறக்குச்சு. வெயிட் சுமார் 570 கிலோ. திரும்பும்போது இன்ஜின் அசையாது, கீழ்க்கால் மட்டும் திரும்பும். நாலு ஸ்ட்ரோக் பெட்ரோலுக்கு ஹெச்.பி.க்கு மூணுல ஒரு லிட்டர்னு வெச்சாலும், ஃபுல் த்ராட்டில்ல மணிக்கு 200 லிட்டர் காலி! பகல்ல வேகமா போய், ஆழம் குறைஞ்ச தண்ணியில குளிச்சு, சாயந்திரம் திரும்புறவங்களுக்கு இது ஓகே. உள்ளே இன்ஜின் ரூம் மிச்சம், அதுல ஒரு பெட்ரூம் கிடைக்கும். ஆனா பின்பக்கம் மொத்தமும் இன்ஜின்தான், கால் நீட்டி உட்கார்ந்து கடல் பார்க்க முடியாது. நடுவழிக் கட்சியும் இருக்கு. இன்ஜின் உள்ளே, திரும்புற கால் வெளியே இருக்கிற ஸ்டெர்ன் டிரைவை 1959-லேயே வோல்வோ பென்டா கொண்டுவந்துருச்சு. வசதி ஜாஸ்தி, ரிப்பேர் செலவும் ஜாஸ்தி.

யாட் வாங்குறவங்களுக்கு மூணு கேள்வி

1. ராத்திரி படகு எங்கே நிக்கும்? மணலா, ஆழத் தண்ணியா?

2. வேலை என்ன? இழுக்கணுமா, ஓடணுமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

3. நடுக்கடல்ல நின்னா யார் வந்து சரி பண்ணுவாங்க? ஸ்பேர் எந்த ஊர்ல கிடைக்கும்?

ஹெச்.பி. எவ்வளவுங்கிறது நாலாவது கேள்விதான். முதல் மூணுக்கும் பதில் சொன்னா நாலாவது தானா விழுந்துடும்.

ஸோ, லாட்டரியில விழுந்த யாட்டுக்கு என்னோட சாய்ஸ் ரெண்டு டீசல் இன்போர்டு. ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு வீடு சேர்க்கும். யாட் வர லேட்டாகும்னா, அதுவரைக்கும் உங்க டிசைன் லேபுக்கு நிஜமான ஒரு புராப்ளம் தரட்டுமா? கருங்கல் கரையில, இருக்கிற கொஞ்சூண்டு மணல்ல ஏறுற மாதிரி, டீசல் சிக்கனத்தோட, முதுகை உடைக்காத ஒரு இன்ஜின் செட்டப். கஸ்டமர்கள் திருவொற்றியூர் குப்பத்துல தினமும் காலையில வந்து இறங்குறாங்க. போய்ப் பேசிட்டு வந்து அளவெடுக்க ஆரம்பிங்க!